இது எந்த டிஎம்எஃப்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் காலணி ஆலைகளுக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்பவர்களுக்கு ஒரு தாள் சீக்கிரமே பழகிவிடும். வெளிநாட்டில் ஷூ வாங்குகிற கம்பெனி அனுப்பும் தடைப்பொருள் பட்டியல்தான் அது. ஆலையில் அதை ஆர்எஸ்எல் என்பார்கள். எந்த வேதிப்பொருள் எவ்வளவுக்கு மேல் ஷூவில் இருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக அட்டவணை போட்டிருக்கும். அதில் டிஎம்எஃப் என்றொரு வரி உண்டு. சில பட்டியல்களில் இரண்டு வரிகள் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு பொருள்.

ஒன்று டைமெத்தில் ஃபார்மமைடு. நிறமில்லாத திரவம், 153 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாலியூரித்தேனைக் கரைத்துத் துணிமேல் பூசிச் செயற்கைத் தோல் செய்யும் இடத்தில் டிரம் டிரம்மாக நிற்கும். தோல் வழியாகவே உடம்புக்குள் போய் ஈரலைப் பதம் பார்க்கும். இன்னொன்று டைமெத்தில் ஃப்யூமரேட். இது வெள்ளைப் பொடி, பூஞ்சணத்தைத் தடுக்கும். கப்பலில் வாரக்கணக்கில் போகிற சோபாவுக்குள்ளும் ஷூ பெட்டிக்குள்ளும் சின்னப் பொட்டலமாகப் போட்டு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கும் அந்த ஷூவை மாட்டியவர்களுக்கும் தோல் வெந்து கொப்புளித்ததால், 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்தது. பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. (இதே ஃப்யூமரேட் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. மருந்தும் தடைப்பொருளும் ஒரே பொருளாக இருப்பதில் வேதியியலுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.) ஐரோப்பாவின் ரீச் என்னும் வேதிப்பொருள் ஒழுங்குமுறையில் 17-ஆம் இணைப்பிலேயே இரண்டும் இருக்கின்றன. ஃப்யூமரேட் 61-ஆவது பதிவு, ஃபார்மமைடு 76-ஆவது பதிவு.

இந்த விவகாரத்தை எனக்குப் புரியவைத்தது புத்தகமில்லை. வாணியம்பாடியில் ஒரு தோல் ஆலை ஆய்வகத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்த பெரியவர். தொழிலாளர் பயிற்சிக் கையேடு ஒன்றில் 'டிஎம்எஃப் கையாள்வோர் கையுறை அணிய வேண்டும்' என்று ஒரு வரி. முழுப்பெயர் எங்கும் இல்லை. அவருக்குப் போன் செய்தேன்.

“பாய், இந்த டிஎம்எஃப் எது?”

“எந்த செக்‌ஷன் பேப்பர் தம்பி?”

“கோட்டிங் செக்‌ஷன்.”

“பக்கத்துல அளவு ஏதாவது போட்டிருக்கானா?”

“காற்றில் 10 பிபிஎம்னு இருக்கு.”

“காத்துல அளக்குறான்னா அது ஆவியாகுற சரக்கு, ஃபார்மமைடு. ஷூவை வெட்டி எடுத்து கிலோவுக்குப் புள்ளி ஒண்ணு மில்லிகிராம்னு பேசினா ஃப்யூமரேட். பேரைப் பாக்காத, எதுல அளக்குறான்னு பாரு.”

எதில் அளக்கிறான் என்ற அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை முதலில் கேட்கிறேன். காற்றிலா, தண்ணீரிலா, முடிந்த சரக்கிலா, எடைச் சதவீதமா? அலகு சொல்வதை அகராதி சொல்லாது. இணையத்தில் மூன்று எழுத்தைப் போட்டுத் தேடினால் பத்து விரிவாக்கம் வரும். முதலில் வருவதை எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் வருவது எல்லோரும் அதிகமாகத் தேடியது, அவ்வளவுதான். உங்கள் கையில் இருக்கும் தாளில் உள்ளது அதுதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஷூ பெட்டிமேல் ஒட்டும் 'டிஎம்எஃப் ஃப்ரீ' ஸ்டிக்கர் பெரும்பாலும் ஃப்யூமரேட்டைச் சொல்வது. அதை 'டைமெத்தில் ஃபார்மமைடு இல்லாதது' என்று மொழிபெயர்த்தால், கம்பெனி சோதித்தே பார்க்காத ஒன்றுக்கு நாமே சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும். குழப்பத்தைத் தவிர்க்க இப்போது சில பட்டியல்களில் கடைசியில் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்து டிஎம்எஃப்ஏ, டிஎம்எஃப்யூ என்று பிரித்து எழுதுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் தட்டும்போது அது விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். மருந்து ஆலைக்குப் போனால் கதை இன்னும் வேறு. அங்கே 'டிஎம்எஃப் தாக்கல் செய்யப்பட்டது' என்றால் அது திரவமும் இல்லை, பொடியும் இல்லை. டிரக் மாஸ்டர் ஃபைல் என்னும், மருந்து பற்றிய கோப்பு.

அதே காலணிப் பட்டியலில் ஓபிபி என்று ஒன்று வரும். பதப்படுத்திய தோலில் பூஞ்சணம் வராமலிருக்கப் போடும் ஆர்த்தோ பீனைல் பீனால் ஒரு ஓபிபி. நாலு பக்கம் தள்ளிப் போனால் பேக்கிங் பகுதியில் 'ஓபிபி கவர்' வரும். அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறை. நினைவகமுள்ள மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். முதல் ஓபிபிக்குக் கொடுத்த விரிவாக்கத்தை மென்பொருள் விசுவாசமாகக் கொண்டுபோய் இரண்டாவதிலும் ஒட்டிவிடும். பூஞ்சணக்கொல்லியில் ஷூவைச் சுற்றி அனுப்பு என்ற அர்த்தம் வந்துவிடும். சுருக்கப்பெயர்களைத் தானியங்கியாக நிரப்பும் வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

இப்படி அலகும் இடமும் காட்டிக்கொடுத்தால் நல்லது. சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தாள்களில் அதுவும் கைகொடுக்காது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு கறாரான பிறகு, இந்த மாதிரி இயக்கக் கையேடுகளுக்குத் தேவை கூடியது. அதில் பிஏசி என்று இருக்கும். பாலி அலுமினியம் குளோரைடும் பிஏசி. தூளாக்கிய கிளர்வூட்டிய (ஆக்டிவேட்டட்) கரியும் பிஏசி. இரண்டுமே நீர் சுத்திகரிப்புச் சரக்கு. ஒரே ஆலையில், ஒரே கையேட்டில், அடுத்தடுத்த தொட்டிகளில் இரண்டும் போடப்படலாம். அளவும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரே பாணியில்தான் எழுதியிருக்கும்.

இங்கே வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். பாலி அலுமினியம் குளோரைடு தண்ணீரில் கரையும். ஆகவே 'கரைசல் தயாரி', 'பத்து சதவீதக் கரைசல்', 'டோசிங் பம்ப்' என்று வாக்கியம் போகும். முன்னால் காரகாடி (பிஎச்) அளவைச் சரிசெய்யும் படி இருக்கும், பின்னால் பாலிமர் சேர்த்து மெதுவாகக் கலக்கும் படி வரும், கடைசியில் சகதி படிவதைப் பற்றிப் பேச்சு. கரி கரையாது. அதனால் 'ஸ்லரி' என்றுதான் எழுதுவார்கள், கலக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள், நிறம் அல்லது வாடை போவதைப் பற்றிச் சொல்வார்கள், தூசி பறக்கும், தீப்பொறி ஆகாது என்று எச்சரிப்பார்கள். பெயர்ச்சொல் ஏமாற்றினாலும் வினைச்சொல் ஏமாற்றுவது அரிது. சைசிங் ஆலைத் தாள்களில் வரும் பிவிஏவுக்கும் இதே வைத்தியம். நெசவுப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிவிஏ சூடான நீரில் கரைந்தால் அது பாலிவினைல் ஆல்கஹால். பாலிவினைல் அசிட்டேட் நீரில் கரையாது, பால்போல் வெள்ளைப் பசையாக வரும். தச்சுக்கூடத்தில் மரம் ஒட்டுவது அதுதான். ஐஎஸ்ஓ 1043 தரநிலை ஆல்கஹாலுக்கு நாலெழுத்தில் தனிச் சுருக்கம் வைத்து இரண்டையும் பிரித்திருக்கிறது. ஆலைகளில் அதை யாரும் மதிப்பதில்லை.

வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாள்களில் உள்ள டிஇஏ இதைவிட ஆபத்தானது. டிரைஎத்தில் அமீன் 89 டிகிரியில் கொதிக்கும், மீன் வாடை அடிக்கும், சட்டென்று தீப்பற்றும். டிரைஎத்தனாலமீன் கெட்டியான, வாடை அதிகமில்லாத சரக்கு. முகத்துக்குப் பூசும் கிரீம்களில்கூட இருக்கிறது, குளிர்ந்தால் உறைந்துபோகும். 'டிஇஏ டிரம் அருகே தீப்பொறி கூடாது' என்ற வரியும் 'டிஇஏ உறைந்திருந்தால் வெதுவெதுப்பாக்கவும்' என்ற வரியும் எந்தச் சரக்கைச் சொல்கின்றன என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் முதல் வரியைச் சொன்ன சரக்குக்கு இரண்டாவது சரக்கின் பெயரைப் போட்டுவிட்டால், டிரம்மைச் சூடுபண்ணச் சொன்ன பாவம் நம்மைச் சேரும்.

இத்தனை ஊகமும் எதற்கு, எண்ணைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம், இருந்தால். அமெரிக்க வேதியியல் கழகத்தின் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் கொடுத்திருக்கிறது. சிஏஎஸ் எண் என்பார்கள். பாதுகாப்புத் தரவுத் தாளில் மூன்றாவது பிரிவில், உட்பொருள்கள் பகுதியில் இருக்கும். டைமெத்தில் ஃபார்மமைடு 68-12-2. டைமெத்தில் ஃப்யூமரேட் 624-49-7. டிரைஎத்தில் அமீன் 121-44-8, டிரைஎத்தனாலமீன் 102-71-6. இந்த எண் கிடைத்துவிட்டால் சண்டை முடிந்தது.

இந்த எண்ணுக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். 68-12-2 என்பதை எடுத்துக்கொண்டால் 2×1, 1×2, 8×3, 6×4. கூட்டினால் 52. கடைசி இலக்கம் 2, சரி. ஸ்கேன் செய்த தாளில் 5 என்பது 6 ஆகத் தெரிவது, தட்டும்போது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிவிடுவது போன்ற கோளாறுகளில் பெரும்பாலானவை இதில் மாட்டிக்கொள்ளும். நான் எக்செலில் இதற்கு ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். பூட்டு திறந்தால் எண் ஒழுங்காக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தாளை எழுதியவரே வேறு பொருளின் எண்ணை ஒட்டியிருந்தால் சூத்திரம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே எண் சொல்லும் பொருளின் கொதிநிலையும் தாளின் ஒன்பதாவது பிரிவில் போட்டிருக்கும் கொதிநிலையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

வேதிப்பொருளே இல்லாத சுருக்கங்களும் இதே கூட்டத்துக்குள் நுழைந்திருக்கும். எஸ்டிஎஸ் என்றால் அந்தப் பாதுகாப்புத் தரவுத் தாளே. ஆனால் சோப்புத்தூள் ஆலைத் தாளில் அது சோடியம் டோடெசில் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம், அதுவே இன்னொரு பக்கத்தில் எஸ்எல்எஸ் என்ற பெயரில் வரும் அதே சரக்கு. சோப்புத்தூள் உலகத்தில் சிஎம்சி என்பது துணியில் அழுக்கு திரும்ப ஒட்டாமல் தடுக்கும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். இரண்டு பத்தி தள்ளி, சோப்பு மூலக்கூறுகள் கூட்டம் சேரத் தொடங்கும் செறிவையும் சிஎம்சி என்பார்கள். வேலூர்க்காரர்களுக்கு சிஎம்சி என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், அது தனி. உரக் கம்பெனிகளில் எஸ்ஓபி என்றால் வேலை செய்யும் முறையை வரிசைப்படுத்திய தாள். சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் உரமும் எஸ்ஓபிதான். எஸ்ஓபியை மூட்டை பிடிப்பதற்கான எஸ்ஓபி என்று ஒரு தாள் வந்தால் சிரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

உரம் என்றதும் இன்னொன்று. மூட்டையில் போட்டிருக்கும் என், பி, கே எழுத்துகளைத் தனிமக் குறியீடாக எடுத்துக்கொண்டு 'பாஸ்பரஸ் 46 சதவீதம்' என்று எழுதுகிறார்கள். டிஏபி மூட்டையில் 18-46-0 என்றால் அந்த 46, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது. தனிமமாகப் பார்த்தால் ஏறத்தாழ 20 சதவீதம்தான் தேறும். பொட்டாஷ் மூட்டையில் 60 என்பது பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு, தனிமமாக ஏறத்தாழ 50. மூட்டையில் உள்ளபடி 'மணிச்சத்து', 'சாம்பல்சத்து' என்று விவசாயிக்குப் பழக்கமான சொல்லிலேயே விட்டுவிடுவது உத்தமம். தனிமத்தின் பெயரை எழுதினால் கணக்கு தப்பாகிவிடும்.

ஆங்கிலத்தில் இல்லாத, நம் எழுத்தாலேயே வரும் தொல்லைக்கு வருகிறேன். அலுவலகங்களில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ஒரே 'பி'. நாலாம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒரே 'டி'. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பாலிகுளோரினேட்டட் பைபீனைலும், மரத்திலும் தோலிலும் பூஞ்சணத்துக்குப் போட்ட பென்டாகுளோரோபீனாலும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தில் பிரிந்து நிற்கும். தமிழில் இரண்டும் பிசிபி. போதாக்குறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பிசிபி. மேலே சொன்ன டிரைஎத்தனாலமீனும், அதன் தம்பியான டைஎத்தனாலமீனும் தமிழில் டிஇஏ.

இதில் என்னைத் தூங்கவிடாத ஜோடி டிஇஜி. டைஎத்திலீன் கிளைக்கால், டிரைஎத்திலீன் கிளைக்கால் இரண்டுமே தமிழில் இந்த மூன்றெழுத்துதான். முதலாவது 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைக் கரைக்கப் பயன்பட்டு நூறு பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. 2022-இல் காம்பியா நாட்டுக் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்தில் இதுவும் எத்திலீன் கிளைக்காலும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்து ஆலைக் கிடங்குப் பயிற்சித் தாளில் 'டிஇஜி சோதனை முடியாமல் டிரம்மைத் திறக்காதே' என்று தமிழில் மட்டும் எழுதிவிட்டுப் போவதற்கு எனக்குக் கை வராது.

அதனால் எனக்கு நானே போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. தொழிலாளி கையில் போகும் தாளில் சுருக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில்லை. டிரம்மின் மேல் ஆங்கிலத்தில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதே எழுத்து, அதே பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டோடு தாளிலும் இருக்கும். பக்கத்தில் முழுப்பெயர் தமிழ் எழுத்தில். அதற்குப் பக்கத்தில் ஆலையில் கூப்பிடும் பெயர். சோப்புத்தூள் ஆலையில் லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் என்று எழுதினால் யாருக்கும் புரியாது, 'ஆசிட் ஸ்லரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். முழுப்பெயரைத் தூய தமிழில் ஆக்கி, அதிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துப் புதுச் சுருக்கம் செய்யும் முயற்சியைப் பாடநூலில் செய்யலாம். ஆலைத் தாளில் செய்வதை நான் ஏற்பதில்லை. அந்த எழுத்துகள் எந்த டிரம்மிலும் இல்லை.

பத்திரிகைக் கட்டுரை என்றால் ஆங்கில எழுத்து போடச் சில ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே சுருக்கத்தையே விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் முழுப்பெயர் எழுதுகிறேன். வாக்கியம் நீளும். நீளட்டும்.

எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காத சுருக்கங்கள் மிஞ்சும். கம்பெனி உள்ளுக்குள் வைத்துக்கொண்ட பெயர், விற்பனைக் குறியீடு, ஜெர்மனிலோ சீனத்திலோ எழுதி ஆங்கிலத்துக்கு அரைகுறையாக வந்த தாளில் ஒட்டிக்கொண்டு வந்த எழுத்து என்று பல வகை. அப்போது வாடிக்கையாளரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. 'ஐபிஏ என்றால் என்ன?' என்று எழுதினால், 'கூகுளில் பாருங்கள்' என்று பதில் வரும், அல்லது வராது. 'பெட் பாட்டில் பிசின் தாளின் ஏழாம் பக்கத்தில் உள்ள ஐபிஏ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா, ஐசோஃப்தாலிக் அமிலமா? மூலப்பொருள் பட்டியலில் டெரிஃப்தாலிக் அமிலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அமிலம் என்று எடுத்திருக்கிறேன். சரிதானா?' என்று எழுதினால், சரி அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் அன்றைக்கே வந்துவிடும். படித்துப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் போதும். இது எழுதுபவரைவிடப் பதில் சொல்பவரின் சோம்பலை மதிக்கும் முறை. கேள்வியை மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளரோடு நிறுத்திவிடாமல், ஆலையில் அந்த டிரம்மைத் திறக்கும் ஆளிடம் போகும்படி கேட்டுக்கொள்வதும் முக்கியம். ஒருங்கிணைப்பாளர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களும் தேடுவது நாம் தேடிய அதே இடத்தில்.

பதில் வராமலேயே கெடு தேதி வந்துவிட்டால் ஊகத்தைப் பாடத்துக்குள் ஒளித்து வைப்பதில்லை. சுருக்கத்தை வந்தபடியே விட்டு, மஞ்சள் பூசி, தனித்தாளில் வரிசையாக எழுதி அனுப்புகிறேன்: பக்கம், சுருக்கம், சாத்தியமான பொருள்கள், நான் எதன் பக்கம் சாய்கிறேன், ஏன். ஒரு காலணி ஆலை மேலாளர் ஆரம்பத்தில் இதைப் பார்த்து, “காசு குடுக்குறது விடைக்கு, நீங்க கேள்வித்தாள் அனுப்புறீங்களே சார்” என்றார். இப்போது அவரே தன் ஆய்வகத்துக்கு அந்தத் தாளை முதலில் அனுப்பி, பூர்த்தி செய்து வாங்கிய பிறகுதான் மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுக்கிறார்.